நாலாவது டிஸ்க்

ஜனவரி 13, 2026, செவ்வாய்

மாலை ஐந்தரை இருக்கும். ஏடு துடைக்கும் அறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "தம்பி, உங்க மெஷின் கத்துது." போய்ப் பார்த்தால், ஓலைச்சுவடிகளின் ஸ்கேன் படங்கள் இருக்கும் சர்வரில் எட்டு விளக்கில் நாலாவது மட்டும் செம்மஞ்சளாக எரிகிறது. விட்டு விட்டுக் கீச்சொலி.

திரையில் எட்டு 'யூ' எழுத்து வரிசையாக நிற்க வேண்டும். நாலாவது யூ இருந்த இடத்தில் ஓர் அடிக்கோடு. எட்டு டிஸ்கையும் ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு அந்த டிஸ்கை ஒதுக்கி வைத்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்க் தன் நலம் பற்றித் தானே எழுதி வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தேன். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் ஞாயிறன்று 8, நேற்று 24, இன்று முந்நூறுக்கு மேல். 41,000 மணி நேரம் ஓடிய டிஸ்க். நாலரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை.

உதவிக்கு இருக்கும் பையன், "அண்ணே, ஒருதரம் கழட்டி மாட்டிப் பாப்பமா? சில நேரம் சரியாயிடும்" என்றான். சரியாகும், அதுதான் ஆபத்து. கழற்றி மாட்டினால் இரண்டு நாள் நல்ல பிள்ளையாக ஓடும், நாமும் மறந்துவிடுவோம், பிறகு வேறொன்று போகும்போது இதுவும் சேர்ந்து போகும். வேண்டாம் என்றேன்.

புது டிஸ்க்கைத் தேடுவதற்கு முன் செய்ய வேண்டியது வேறு. கும்பகோணத்தில் முதலாளியின் தம்பி வீட்டு மாடியில் நம் மறுபிரதி இருக்கிறது. அதைப் புதுப்பித்தது போன ஞாயிறு. திங்களும் இன்றும் ஸ்கேன் செய்தவை இந்த சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லை. அவற்றை இரண்டு வெளி டிஸ்கில் தனித்தனியே இறக்கினேன். 600 டிபிஐயில் ஓர் ஏட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 30 எம்பி. எட்டரைக்கு முடிந்தது.

டீக்கடையில் பையன் கேட்டான்: "ஒரு டிஸ்க் இல்லாமலே எல்லா ஃபைலும் எப்படிண்ணே தொறக்குது?" அவன் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறவர், அதனால் அந்த வழியிலேயே சொன்னேன். ஆறு வண்டி நெல் இறங்குகிறது. வண்டிக்கு ஒரு சீட்டு, மொத்த மூட்டைக்கு ஒரு சீட்டு. ஒரு வண்டிச் சீட்டு தொலைந்தால் மொத்தத்தில் மற்ற ஐந்தையும் கழித்தால் போதும், கிடைத்துவிடும். ரெய்டு 5 செய்வது இவ்வளவுதான். இரண்டு சீட்டு தொலைந்தால் கழித்துப் பயனில்லை. அதற்காக முதல் வண்டியை ஒன்றால், இரண்டாவதை இரண்டால், மூன்றாவதை நாலால் என்று பெருக்கிக் கூட்டி, வேறொரு மொத்தமும் எழுதி வைப்பது ரெய்டு 6. நம்முடையது 6. ஆறு டிஸ்க் அளவுக்குச் சரக்கு, இரண்டு டிஸ்க் அளவுக்கு மொத்தச் சீட்டு, அந்தச் சீட்டுகளும் ஒரே இடத்தில் இல்லாமல் எட்டிலும் மாறி மாறி இருக்கும். எட்டு டிபி டிஸ்க் எட்டு, ஆக 48 டிபி கொள்ளும், இப்போது 31 நிரம்பியிருக்கிறது.

"அப்ப இன்னும் ஒண்ணு போனாலும் தாங்கும்" என்றான். தாங்கும். அதற்கு மேல் தாங்காது.

ஜனவரி 14, புதன், போகி

காலையில் தெருவெல்லாம் புகை. பழைய பாயும் முறமும் எரிகிற நாளில் ஏட்டறைச் சன்னலைத் திறக்க அக்கா விடவில்லை. சரிதான். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழுதான ஏடுகளை ஆகமப்படி என்று சொல்லி அக்கினியில் இட்டுவிட்டதை உ.வே.சா. எழுதியிருக்கிறார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கும் ஏடு பக்கத்தில் புகை என்றால் ஆகாது.

பையனை முதல் பஸ்ஸிலேயே திருச்சிக்கு அனுப்பினேன். நாளையிலிருந்து கடை இல்லை, கூரியர் இல்லை, திங்கள்தான் எல்லாம் திறக்கும். அதுவரை ஒரு கால் ஒடிந்த ரெய்டை ஓட்ட மனம் வரவில்லை. வாங்கும்போது பார்க்க வேண்டியதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கம்பெனி வேறாக இருக்கட்டும். பழைய டிஸ்கைவிட ஒரு செக்டர்கூடக் குறையக் கூடாது, குறைந்தால் ரெய்டு ஏற்காது. எஸ்எம்ஆர் வேண்டவே வேண்டாம், சிஎம்ஆர் என்று அட்டையிலோ கம்பெனி பட்டியலிலோ கண்ணால் பார். எஸ்எம்ஆரில் தடங்கள் கூரை ஓடு மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், நடுவில் ஒன்றைத் திருத்த வேண்டுமானால் அடுத்தடுத்ததையும் திரும்ப எழுத வேண்டும். சும்மா வைத்துப் படிக்க அது போதும். ரெய்டு மீட்டெழுதும்போது மூச்சு வாங்கிப் படுத்துவிடும். 2020ல் ரெய்டுக்கென்றே விற்ற டிஸ்க்குகளில் சொல்லாமல் இதைப் புகுத்தியது வெளியே தெரிந்து உலகம் முழுக்கச் சண்டையானது.

பன்னிரண்டு மணிக்குக் கடையிலிருந்து போன். கடைக்காரரே பேசினார்: "சார், சாதா டிஸ்க் ஆயிரத்தைநூறு ரூபா கம்மி. அதுவும் எட்டு டிபிதானே?" வீட்டுக் கம்ப்யூட்டர் டிஸ்க் ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் நிமிஷக்கணக்கில் விடாமல் முயலும். தனியாக இருக்கிற டிஸ்குக்கு அது நல்ல குணம். ரெய்டில் அப்படி முயன்றால், லினக்ஸ் வழக்கமாக 30 விநாடி காத்திருந்து, ஆள் செத்துவிட்டான் என்று எழுதித் தள்ளிவிடும். ரெய்டுக்கான டிஸ்க் ஏழு விநாடியிலேயே "முடியவில்லை" என்று ஒப்புக்கொள்ளும், மற்றவை அந்தத் துண்டைக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். கடைக்காரருக்கு இவ்வளவும் சொல்லவில்லை. "ஆயிரத்தைநூறு போனா போகுது சார்" என்றேன்.

விலை நாம் முன்பு வாங்கியதைவிடக் கூடுதல்தான். 2011ல் தாய்லாந்து வெள்ளத்தில் ஏறியது போல இல்லை, அந்த மட்டுக்கும் நல்லது. சாவ் பிரயா ஆற்றுப் படுகை, நம்மைப் போலவே நெல் பூமி. அங்கே வயலை மூழ்கடித்த தண்ணீர் டிஸ்க் ஆலைகளிலும் புகுந்து, உலகம் பூராவும் டிஸ்க் கிடைக்காமல் விலை இரண்டு மடங்கானது. ஆற்றோரத்தில் ஆலை கட்டினார்களே என்று இங்கே உட்கார்ந்து கேட்க நமக்கு யோக்கியதை இல்லை.

நாலு மணிக்கு டிஸ்க் வந்தது. பெட்டியில் கை வைப்பதற்கு முன் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தைத் திரையிலும், டிஸ்க் தட்டின் முகப்பில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் ஒப்பிட்டோம். பையன் படிக்க, நான் சரிபார்க்க, பிறகு நான் படிக்க, அவன் சரிபார்க்க. ரெய்டு செத்த கதைகளில் பாதி, நல்ல டிஸ்கை உருவிவிட்ட கதை. கெட்டது வெளியே, புதியது உள்ளே. ஐந்து மணிக்கு மீட்டெழுதத் தொடங்கியது. விநாடிக்கு 140 எம்பி. இதே வேகம் நின்றால் பதினாறு மணி நேரம்.

ஜனவரி 15, வியாழன், பொங்கல்

காலை ஆறு மணிக்குக் கைபேசியில் பார்த்தேன். 81 சதவீதம், அதன் கீழே வேண்டாத ஒரு வரி: ஏழாவது டிஸ்கில் படிப்புப் பிழை. அடுத்த வரி: பிழை சரிசெய்யப்பட்டது.

வீட்டில் பானை ஏறிக்கொண்டிருந்தது. குலவைக்கு நடுவே இந்த இரண்டு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். நடந்தது இதுதான். நாலாவதை மீட்டெழுத மிச்சம் ஏழையும் தலை முதல் கால் வரை படிக்க வேண்டும், 56 டிபி. அதில் ஏழாவது டிஸ்க், யாரும் பல நாள் தொடாத ஒரு மூலையில், ஒரு துண்டைத் தர மறுத்தது. ஒரு மொத்தச் சீட்டு நாலாவதற்குப் போயிற்று. இரண்டாவது சீட்டு இருந்ததால் ஏழாவதின் துண்டையும் கணக்குப் போட்டு, அந்த இடத்திலேயே திரும்ப எழுதியாயிற்று. ரெய்டு 5 ஆக இருந்திருந்தால், எந்த ஏடு, யாருடைய ஏடு என்றுகூடத் தெரியாமல் ஒரு துண்டு போயிருக்கும், மீட்டெழுதலும் அங்கேயே நின்றிருக்கும்.

சாதா டிஸ்க்குகளின் குறிப்பேட்டில் பத்தின் பதினான்காம் அடுக்கு பிட்டுக்கு ஒரு பிழை வரலாம் என்று போட்டிருப்பார்கள். அது 12.5 டிபி. நடப்பில் டிஸ்க்குகள் அதைவிட நன்றாகவே ஓடுகின்றன. ஆனாலும் 56 டிபி படிக்கிற நாளில் அந்த எண்ணை மறக்க முடியாது. 2021ல் இந்த சர்வர் வாங்கும்போது இரண்டு டிஸ்க் அளவை வீணாக்குகிறாயே என்று கேட்டவர்கள் உண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. எட்டு டிஸ்கும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே அட்டைப் பெட்டியில் வந்தவை. சீரியல் எண்கள் அண்ணன் தம்பி மாதிரி அடுத்தடுத்து. ஒரே ஆலை, ஒரே வாரம், ஒரே லாரிக் குலுக்கல், பிறகு நாலரை வருஷம் ஒரே பெட்டிக்குள் ஒரே சூடு, ஒரே மின்சாரம். ஒன்று போனால் மற்றது போகாது என்று எந்தத் தைரியத்தில் சொல்வது? 1988ல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றி எழுதியபோது, டிஸ்க்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் சாகும் என்று வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள். அந்த கிப்சனே 2007ல் பியாங்கா ஷ்ரோடருடன் சேர்ந்து ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்கின் வரலாற்றைப் பார்த்தார். கம்பெனிக் குறிப்பேடு வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே சாகும் என்றது. உண்மையில் மாற்றப்பட்டவை பல இடங்களில் இரண்டு முதல் நாலு சதவீதம், சில இடத்தில் பதின்மூன்று. சாவுகள் தொடர்பில்லாமலும் வரவில்லை, சேர்ந்து சேர்ந்து வந்தன. அதே வருஷம் கூகுள் வெளியிட்ட ஆய்வில் இன்னொன்று: முதல் படிப்புச் சோதனைப் பிழை கண்ட டிஸ்க், பிழையில்லாததைவிட அடுத்த 60 நாளில் சாக 39 மடங்கு வாய்ப்பு. ஆக ஏழாவதுக்கும் நாள் குறித்தாயிற்று.

சுவடிக்காரர்களுக்கு இது புதிதில்லை. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267, 268 இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த உ.வே.சா. ஊர் ஊராகப் போய் ஒரு நூலுக்குப் பல பிரதி சேர்த்தவர். 1894ல் புறநானூறும் 1904ல் பதிற்றுப்பத்தும் அச்சேறின. எத்தனை பிரதி கிடைத்தும் அந்த ஓட்டைகள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். எல்லாம் எங்கோ ஒரு குறைப் பிரதியைப் பார்த்து எழுதியவை. தாய்ப் பிரதி ஒன்றாக இருந்தால் பத்துப் பிரதியும் ஒரு பிரதிதான். ஒரே பெட்டியில் வந்த எட்டு டிஸ்கும் அப்படித்தான்.

ஒன்பதரைக்கு முடிந்தது. எட்டு யூ. பொங்கல் ஆறிப் போயிருந்தது.

ஜனவரி 16, வெள்ளி, மாட்டுப் பொங்கல்

முழுச் சோதனை ஓடவிட்டேன். எட்டையும் படித்து, மொத்தச் சீட்டுகள் ஒத்துப் போகின்றனவா என்று பார்க்கும். தஞ்சைப் பெரிய கோயில் நந்திக்குக் காய்கறி அலங்காரம் பார்க்கப் போனோம். நல்ல கூட்டம். திரும்பி வரும்போது பொருந்தாதவை சுழியம். ஏழாவதில் நிலுவை செக்டர் 16.

ஜனவரி 17, சனி

முதலாளி கரும்புக் கட்டோடு வந்தார். கேட்பார் என்று எதிர்பார்த்ததையே கேட்டார்: "ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்னு சொல்றீங்க. அப்ப எதுக்கு தம்பி கும்பகோணத்துல வேற ஒரு செட்டு? வாரா வாரம் பெட்ரோல் செலவு."

ரெய்டு டிஸ்க் சாவுக்கு மட்டும் மருந்து என்றேன். யாராவது தவறி அழித்தால் எட்டு டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். திருடன் வந்தால் எட்டையும் சேர்த்துத்தான் தூக்குவான். போன செப்டம்பர் 26ல் தென்கொரியாவில் டேஜான் நகர அரசு தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ் எரிந்தது, 858 டிபி. அதற்கு வெளியே மறுபிரதி கிடையாது. ரொம்பப் பெரிதாக இருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். செல்போனும் மெமரி சிப்பும் செய்து உலகத்துக்கு விற்கிற நாடு அது. அங்கே ஒரு கும்பகோணம் இல்லாமல் போயிற்று.

முதலாளி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவரே, "கும்பகோணமும் காவிரிக்கரைதானே தம்பி" என்றார். நான் சொல்ல நினைத்திருந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது டெல்டாவில் ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்தது, பட்டுக்கோட்டைப் பக்கக் கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஒரு புயல் இரண்டு ஊரையும் சேர்த்தே அடிக்கும். கிளவுடில் ஏற்றலாமா என்றார். நம் இணைப்பு 100 எம்பிபிஎஸ். இடைவிடாமல் ஏற்றினாலும் 31 டிபிக்கு ஒரு மாதம், மாத வாடகை வேறு. கோயம்புத்தூரில் மகள் வீடு இருக்கிறது, ஒரு செட்டை அங்கே வைக்கலாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறவர்தான், எடுத்துப் போய் மாற்றி வரலாம். சம்மதம்.

அந்தக் கரும்பு நல்ல கரும்பு.

ஜனவரி 19, திங்கள்

ஏழாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடும்போதே மாற்ற வேண்டும், செத்த பிறகு மாற்றினால் மறுபடி ஒரு கால் ஒடிந்த நிலை. பக்கத்துக் காலி அடைப்பில் புது டிஸ்கைப் போட்டு, பழையதை வெளியேற்றாமலே அதற்குப் பதிலாக எழுதச் சொல்லும் வழி லினக்ஸில் இருக்கிறது. பழையது படித்துக் கொடுக்கும், கொடுக்க முடியாத துண்டை மற்றவை கணக்குப் போட்டுக் கொடுக்கும், முழுதும் எழுதி முடிந்த பிறகுதான் பழையது விலகும். அந்த நேரம் முழுக்க இரண்டு சீட்டும் கையில் இருக்கும். பலருக்கு இது தெரியாமல் உருவி மாட்டுகிறார்கள். காலை பத்துக்குத் தொடங்கினேன்.

நாலாவதுக்கு வாரண்டி பாக்கி இருக்கிறது. ஆனால் அதைக் கடையில் கொடுத்தால் எங்கே போகும், யார் கையில் திறக்கும்? ரெய்டு டிஸ்க் ஒன்றை மட்டும் வைத்து என்ன படிக்க முடியும் என்று சொல்பவர்கள் உண்டு. தரவு 512 கேபி துண்டுகளாகத்தான் பிரிகிறது. 30 எம்பி ஏட்டுப் படம் சிதறிவிடும், உண்மை. நூறு கேபி சிறுபடம் முழுசாக ஒரே துண்டில் உட்கார்ந்திருக்கும். ஏடு கொடுத்த குடும்பங்களின் முகவரிப் பட்டியலும் அப்படித்தான். நம்பிக் கொடுத்தவர்கள் அவர்கள். வாரண்டி போகட்டும் என்று துளைபோடும் கருவியால் தட்டுகளில் மூன்று ஓட்டை போட்டேன். அக்கா வேடிக்கை பார்த்தார்.

ஜனவரி 21, புதன்

ஏழாவது மாற்றம் முடிந்தது. பழையது வெளியே.

மறுபிரதி இருக்கிறது என்பது வேறு, அதிலிருந்து எடுக்க முடிகிறது என்பது வேறு. கும்பகோணம் செட்டைக் கொண்டுவந்து, குருட்டாம்போக்கில் இருநூறு கோப்பை இறக்கி, ஸ்கேன் செய்த அன்றே எழுதி வைத்த செக்சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) பட்டியலோடு ஒப்பிட்டோம். எல்லாம் ஒத்தன. பிறகு அதே இருநூறை சர்வரிலும் ஒப்பிட்டால் ஒன்று உதைத்தது.

ஒரு வைத்தியச் சுவடியின் 43ஆம் ஏடு. டிஸ்க் பிழையா என்று பார்த்தால் இல்லை. கோப்பு திருத்திய தேதி செப்டம்பர் என்று காட்டியது. யாரோ திறந்து, சாய்ந்திருந்ததை நிமிர்த்தி, ஓரத்தை வெட்டி, அதே பெயரில் சேமித்திருக்கிறார்கள். வெட்டிய ஓரத்தில் ஏட்டெண் இருந்தது. நல்லெண்ணத்தில் செய்ததுதான், யார் என்று கேட்கவில்லை. நான்கு மாதமாக அந்த வெட்டுண்ட ஏட்டை ரெய்டு இரண்டு மொத்தச் சீட்டோடு பத்திரமாகக் காத்து வந்திருக்கிறது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். வாரா வாரம் புதுப்பித்தும் கும்பகோணத்தில் அசல் தப்பியது, அங்கே ஒருமுறை போன மூலக் கோப்பின்மேல் எழுதக் கூடாது என்ற விதியால்.

அசலைத் திரும்ப வைத்தேன். மூலப் படங்கள் இருக்கும் அடுக்கை எல்லோருக்கும் படிக்க மட்டும் என்று பூட்டினேன். திருத்த விரும்புகிறவர்கள் நகலைத் திருத்தட்டும். மிச்சமுள்ள கோப்புகளையும் இரவில் செக்சம் ஓட்டி முடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி 23, வெள்ளி

செக்சம் முடிந்தது. 43ஆம் ஏட்டோடு சேர்த்து மொத்தம் மூன்று கோப்பு, மூன்றும் அதே மாதிரி ஓரம் வெட்டியவை. அசல்கள் திரும்ப வந்துவிட்டன.

முதலாளி கையெழுத்திட்ட தாள்: அலமாரியில் எப்போதும் ஒரு மாற்று டிஸ்க். பழைய பெட்டியில் வந்த மிச்சம் ஆறையும் இரண்டு மாதத்துக்கு ஒன்றாக, வேறு வேறு கடையில், வேறு வேறு கம்பெனியில் வாங்கி மாற்றுவது. கோயம்புத்தூர் செட்டுக்குத் தனி டிஸ்க்குகள். பெட்ரோல் செலவு தொடரும்.

அடுத்த முழுச் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு, பிப்ரவரி 1, அதிகாலை ஒரு மணிக்குத் தானாகத் தொடங்கும். அன்று தைப்பூசம், ஆபீஸ் லீவு. பிழை வந்தால் செய்தி எனக்கும் பையனுக்கும் சேர்த்து இரண்டு போனுக்கும் வரும்படி போட்டிருக்கிறேன்.